பின் இடது சக்கரம்

"நிறுத்துங்க, நிறுத்துங்க, நான் எறங்கிக்கிறேன்" என்று பின் ஆசனத்திலிருந்து ஒரு பெண் கத்தினாள். கார் நிற்பதற்குள் ஒரு காலை வெளியே வைத்துவிட்டாள்.

ராமாமிர்தம் பிரேக் கம்பியை இழுத்தான். கார் மலைப்பக்கமாக ஒதுங்கி நின்றது. சத்தமும் நின்றது.

"ஒண்ணும் ஆகாதுங்க. அது சும்மா ஒரு சத்தம்" என்றான்.

"சும்மா எதுக்குய்யா சத்தம் வருது? வண்டிச் சில்லு கழண்டுக்கிட்டு வருது. டொக்கு டொக்குன்னு எனக்கு முதுகுல அடிக்குது."

"கழண்டா கழண்டு போயிருக்கும். இவ்வளவு நேரம் தட்டிக்கிட்டா வரும்?"

இதை அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். அவள் மற்ற காலையும் வெளியே வைத்தாள். அவள் கணவன் பதுளையில் துணி வாங்கிப் பசறைச் சந்தையில் விற்பவன். மனைவியைப் பார்த்தான், பள்ளத்தைப் பார்த்தான், மூட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினான். மூன்றாவது பயணி ஒரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. கோட் போட்டவர். பயந்து இறங்கினார் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதால் கொஞ்சம் நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, "காத்து நல்லா இருக்கு. நான் இப்படியே நடந்து போறேன்" என்று இறங்கினார். ஆடி மாதக் காற்று. அவருடைய தொப்பி அதற்குள் இரண்டு முறை பறந்திருந்தது.

பின்னால் லிங்கத்தின் மாட்டு வண்டி வந்தது. அரிசி மூட்டைகள். அவற்றின்மேல் மூவருக்கும் இடம் இருந்தது. கணக்கப்பிள்ளைதான் முதலில் ஏறினார்.

"என்ன மோட்டாரு, மாடு படுத்துக்கிச்சா?" என்றான் லிங்கம்.

"படுக்கல. சத்தம்."

"என் மாடும்தான் சத்தம் போடுது. அதுக்கு நான் எறங்கி நின்னு அழுவுறனா?" லிங்கம் கையிலிருந்த தார்க்குச்சியைத் தூக்கிக் காட்டினான். "ஒன்னோட குச்சி பத்தரமா இருக்கு மாப்ள. வேணுங்கறப்ப கேளு. குடுத்துர்றேன்."

வண்டி வளைவில் மறைந்த பிறகும் அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. நிம்மதியாகப் பேசிக்கொண்டு போனாள்.

ராமாமிர்தம் வெறும் காரைத் திருப்பினான். பதுளை வரை அது தட்டிக்கொண்டே வந்தது.

அந்த வாரத்தில் இப்படி இறங்கிப்போனது இவர்கள் மட்டும் இல்லை. காரின் சொந்தக்காரர் வைரவநாதன், பதுளைக் கடைத்தெருவில் அரிசியும் கருவாடும் மண்ணெண்ணெயும் விற்பவர், திங்கட்கிழமையே சொல்லிவிட்டார்.

"வெள்ளிக்கெழம வரைக்கும் பாப்பேன். சத்தம் நிக்கலன்னா பண்டாரவளை பாறூக் ஹாஜியார் வந்து எடுத்துக்கிட்டுப் போகட்டும். வெள்ளிக்கெழம நம்ம வீட்டுலருந்து ஒண்ணும் வெளியே போகக் கூடாது. சனிக்கெழம குடுப்பேன்."

"சனிக்கெழமையில இரும்பு வாங்கக் கூடாதுங்களே மொதலாளி."

"அது வாங்குறவன் பாடு."

பாறூக் ஹாஜியாரிடம் கார் ஓட்டத் தெரிந்த மருமகன் ஒருவன் இருந்தான். கார் போனால் ராமாமிர்தத்துக்கு வைரவநாதன் வேறு வேலை வைத்திருந்தார். கடைக்கு இரண்டு மாட்டு வண்டிகள் இருந்தன. அதில் ஒன்றுக்கு ஆள் தேவைப்பட்டது. அதைத்தான் ராமாமிர்தத்தால் தாங்க முடியவில்லை.

அவன் கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில் பிறந்தவன். விடிவதற்கு முன் தப்படித்துப் பெரட்டுக்குக் கூப்பிடுவார்கள். ஆட்களை வரிசையில் நிறுத்தி எண்ணுவார்கள். அவனுக்கு எண்ணப்படுவது பிடிக்கவில்லை. மீசை அரும்புகிற வயதில் ஒரு நாள், தப்புச் சத்தத்துக்கு எதிர்ப்பக்கமாக நடந்து ரோட்டுக்கு வந்தான். தேயிலைப் பெட்டி ஏற்றிப்போன வண்டி ஒன்றின் பின்னால் தொற்றிக்கொண்டான். வண்டிக்காரன் இறங்கச் சொல்லவில்லை. பெரகலை ஏற்றத்தில் மட்டும் இறங்கித் தள்ளச் சொன்னான்.

அதன் பிறகு பல வருஷம் மாடுகளின் பின்னால்தான். ரயில் அப்போது பண்டாரவளையோடு நின்றிருந்தது. அங்கிருந்து பதுளைக்கும் பசறைக்கும் சாமான் எல்லாம் வண்டியில்தான் வரவேண்டும். எந்த வளைவில் கல் சரியும், எந்த ஊற்றில் தண்ணீர் வற்றாது, எந்த ஏற்றத்தில் இடது மாடு ஏமாற்றும் என்று அவனுக்குத் தெரியும். மாட்டின் வாலையும் தெரியும். அந்த வாலை அவன் பார்த்த அளவுக்கு வேறு எதையும் பார்த்ததில்லை. மனைவி வள்ளியம்மை அதைச் சொல்லிக் காட்டுவாள். கல்யாணத்தன்று அவள் முகத்தைப் பார்க்காமல் பின்னல் குஞ்சத்தையே அவன் பார்த்துக்கொண்டிருந்தானாம்.

வைரவநாதன் கார் வாங்கியபோது அதோடு கொழும்பிலிருந்து ஒரு சாரதியும் வந்தார். வெள்ளைக் கால்சட்டை போட்டவர். சமதரையில் அற்புதமாக ஓட்டினார். மலையில் ஏறியதும் வாந்தி எடுத்தார். ஓட்டுகிறவனே வாந்தி எடுப்பதை அதுவரை யாரும் பார்த்ததில்லை என்பதால் ஒவ்வொரு சந்தியிலும் கூட்டம் கூடியது. வைரவநாதன், ரோடு தெரிந்தவன் ஒருவன் பக்கத்தில் இருக்கட்டும் என்று ராமாமிர்தத்தை ஏற்றி அனுப்பினார். வாந்திக்கு நடுநடுவே அவர் அவனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஒரு நாள் ரயில் ஏறிப் போய்விட்டார். கால்சட்டையைக்கூட எடுக்கவில்லை.

அன்று மாலை ராமாமிர்தம் பசறைச் சந்தையில், கோப்பிக்கடை வாசலில், நாலு பேர் பார்க்கத் தன் தார்க்குச்சியை லிங்கத்தின் கையில் கொடுத்தான்.

"இனிமே நான் ஒரு வாலையும் பாக்க மாட்டேன்" என்றான்.

நாலு பேரும் அதை மறக்கவில்லை.

ஆனால் பழக்கம் போகவில்லை. காரை நிறுத்தும்போது "ஹோ, ஹோ" என்பான். ஏற்றத்தில் நாக்கைத் தட்டுவான். ஊற்றைக் கண்டால் நிறுத்தி முன்பக்கம் தண்ணீர் ஊற்றி, "குடிக்கட்டும்" என்பான். பயணிகள் காத்திருப்பார்கள். கார் அவனுக்குக் கட்டுப்பட்டது. தையிலிருந்து ஆனி வரை ஒரு குறையும் இல்லை. ஆனி முடிகிற நேரம், காற்று ஆரம்பித்த பிறகு, பின்னாலிருந்து யாரோ விரலால் தட்டுவது போல ஒரு சத்தம் வந்தது. பிறகு அது விரல் இல்லை, மரக்கட்டை என்று ஆயிற்று.

திங்கட்கிழமை பிற்பகலே அவன் ஷுக்ரியின் கடைக்கு வண்டியை விட்டிருந்தான். ஷுக்ரி தகர விளக்கு செய்பவன். புனலுக்கு ஈயம் பற்றவைப்பான், சைக்கிளுக்கு ஒட்டுப் போடுவான். பதுளைக்குக் கார்கள் வரத் தொடங்கியதும் அவற்றையும் பார்ப்பதாகப் பலகையில் எழுதிவைத்தான். பலகை எழுதிய பிறகுதான் ஒரு காரை அடியில் படுத்துப் பார்த்தான்.

"ஓட்டு, நான் கேக்கிறன்" என்றான் ஷுக்ரி.

ஆற்றங்கரைச் சமதரையில் ராமாமிர்தம் மெதுவாக ஓட்டினான். ஷுக்ரி பக்கத்தில் காதைச் சாய்த்துக்கொண்டு நடந்தான். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு தட்டு. வேகம் கூட்டியதும் நடக்க முடியாமல் மிதிபலகையில் ஏறி, தலையைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டான். வேகம் கூடக் கூடத் தட்டும் விரைந்தது. பிறகு சட்டென்று இல்லை. வேகத்தைக் குறைத்ததும் மறுபடி டொக்.

ஷுக்ரி இறங்கி வாயிலிருந்த புழுதியைத் துப்பினான்.

"இது வருத்தம் இல்ல, நோயில்ல. வருத்தமா ஈந்தா வேகமாப் போகக்குள்ள கூடும். இது கொறயுது. இது பயந்தாங்கொள்ளிச் சத்தம்."

"எதுக்குப் பயப்படுது?"

"ஒன்ட ஓட்டத்துக்குத்தான்."

ராமாமிர்தத்துக்குச் சொந்தமாக ஒரு கருத்து இருந்தது. காரின் சக்கரங்களுக்கு மர ஆரக்கால்கள். ஆடிக் காற்றில் மரம் சுருங்கும். ஆரக்கால் சக்கரத்தின் நடுக் குடத்தில் ஆடும். வண்டிக்காரர்கள் இந்தக் காலத்தில் சக்கரத்தைக் கழற்றித் தண்ணீரில் போட்டுவைப்பார்கள். மரம் ஊறி இறுகிக்கொள்ளும். செவ்வாய்க்கிழமை அவன் காரை ஆற்றில் இறக்கினான். தண்ணீர் அச்சுவரை வந்தது. ஒரு பிற்பகல் முழுவதும் கார் பதுளு ஓயாவில் நின்றது. அவன் கரையில் உட்கார்ந்து காவல் காத்தான்.

துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"குளிப்பாட்டுறியாண்ணே?"

"வைக்கப்பிரி கொண்டாந்து தேச்சு விடு."

"சாணி கீணி போட்டா எங்க துணி பக்கம் வராமப் பாத்துக்க."

மாலையில் கார் கரையேறியது. பிரேக்கில் தண்ணீர் போய்க் கிறீச்சென்று ஒரு புதுச் சத்தம் வந்தது. பழையது அதோடு சேர்ந்து தட்டியது. கடைத்தெருவில் நாய்கள் எழுந்து நின்றன.

புதன்கிழமை ஷுக்ரி திருகுசாவியை எடுத்தான். சக்கரத்தின் நடுவே, குடத்தை மூடி ஒரு பித்தளை மூடி இருக்கும். கொஞ்சம் பெரிய சிரட்டை அளவு. திருகித்தான் கழற்ற வேண்டும். முன் வலது மூடியைக் கழற்றினான். கிரீஸ். முன் இடது. கிரீஸ். பின் வலது. கிரீஸ், ஒரு செத்த வண்டு. வண்டை எடுத்துப் போட்டார்கள். ஓட்டிப் பார்த்தார்கள். டொக்.

ஷுக்ரி பின் இடது சக்கரத்தின் முன் குந்தினான்.

"அது வேணாம்" என்றான் ராமாமிர்தம்.

"ஏன்?"

"அது நல்லாத்தான் இருக்கு."

"சத்தம் இதுலருந்துதான் வருது எண்டு நான் செல்றன். நீ இது நல்லா ஈக்குது எண்டு செல்றா."

"ஷுக்ரி நானா, அதைத் தொறக்க வேணாம். மத்த எல்லாத்தையும் கழட்டுங்க. என்னையே வேணுன்னாலும் கழட்டிப் பாருங்க."

ஷுக்ரி அவனை நிமிர்ந்து பார்த்தான். சாவியைத் துடைத்துச் சுவரில் மாட்டினான். "மூணு சில்லுக்கு வைத்தியம் பாத்தா நாலாவது சில்லு சொகமாகாது. ஒனக்கு வண்டி வேணுமா, மூடி வேணுமா எண்டு யோசிச்சிக்கொண்டு வா" என்றான்.

அந்த மூடிக்குள் என்ன இருக்கிறது என்று ராமாமிர்தத்துக்குத் தெரியும். அவன்தான் வைத்தான்.

தை மாதம், கொழும்புச் சாரதி போன பிறகு ராமாமிர்தம் கடை வாசலிலிருந்து காரை முதல்முதலாக எடுத்த நாள். மாலை போட்டு, பொட்டு வைத்து, சூடம் காட்டித் தேங்காய் உடைத்தார்கள். நாலு சக்கரத்தின் கீழும் நாலு எலுமிச்சங்காய். காரை ஏற்றி நாலையும் நசுக்கிக்கொண்டு புறப்பட வேண்டும். ராமாமிர்தம் ஏற்றினான். மூன்று நசுங்கின. பின் இடது சக்கரத்தின் கீழ் இருந்தது வழுக்கி வெளியே வந்து, சாக்கடை ஓரமாக உருண்டு, ஒன்றும் ஆகாமல் நின்றது. அது மற்றவற்றைவிடச் சிறிய காய். அதை அவன் மட்டும்தான் பார்த்தான்.

"நாலும் நசுங்கிச்சா?" என்று வைரவநாதன் வாசற்படியிலிருந்து கேட்டார்.

வைரவநாதன் பசறையில் ஒரு கிளைக்கடை திறந்து, ஏற்றிய விளக்கு காற்றில் அணைந்ததால் அன்று மாலையே மூடியவர். அரிசி நிறுத்துக்கொண்டிருக்கும்போது பல்லி சொன்னால் மூட்டையைத் திரும்பக் கட்டுபவர். காய் நசுங்கவில்லை என்று கேட்டால் அந்தக் காரில் ஏறமாட்டார். மறுநாள் அதை வைத்திருக்கவும் மாட்டார்.

"நசுங்கிச்சு மொதலாளி" என்றான் ராமாமிர்தம்.

பிறகு யாரும் பார்க்காதபோது காயை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான். வள்ளியம்மை வாசலிலேயே மறித்தாள்.

"அத உள்ள கொண்டு வராதீங்க. அது வண்டியோட காயி. திருஷ்டிய வாங்கிக்கிட்டு நசுங்க வேண்டியது. நசுங்காம நம்ம வீட்டுல உக்காந்துக்கிட்டா?"

"தூக்கி எறிஞ்சுறவா?"

"எறிஞ்சா வண்டிக்கு ஆகாது. அதுக்குரிய எடத்துல குடுத்துருங்க."

அதற்குரிய இடம் பின் இடது சக்கரம். அவன் மூடியைத் திருகிக் காயை உள்ளே வைத்துத் திரும்ப மூடினான். நியாயம் தீர்ந்தது என்று நினைத்தான். சத்தம் வந்தபோது அவனுக்கு அதன்மேல் சந்தேகமே வரவில்லை. எலுமிச்சங்காய் மெத்தென்று இருக்கும். அது எப்படித் தட்டும்? மூடியைத் திறந்தால் ஷுக்ரி பார்ப்பான். ஷுக்ரி பார்த்தால் மாலைக்குள் கடைத்தெரு பார்க்கும். சத்தம் நிற்காவிட்டாலும் கார் போகும், மூடி திறந்தாலும் கார் போகும். அவன் புதன்கிழமை சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை பிற்பகல் வள்ளியம்மை வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு இருந்தாள். ஊறுகாய்க்காக முழுக்காயாக உப்பிட்டு வெயிலில் போட்டிருந்த எலுமிச்சங்காய்களை அள்ளிப் போட்டாள். சிலவற்றை அவள் மறந்து வெகுநாள் கூரையிலேயே விட்டிருந்தாள். அவை கறுத்துப் போயிருந்தன. முறத்தைச் சாய்த்தாள். ஒன்று உருண்டு ஓரத்தில் முட்டியது.

டொக்.

உள்ளே படுத்திருந்த ராமாமிர்தம் எழுந்து வந்தான்.

"இன்னொரு தடவ ஆட்டு."

"எதை?"

"மொறத்த."

ஆட்டினாள். டொக். அவன் முறத்தின் அருகே குந்திக் காதை வைத்தான்.

"என்ன, மொறத்துக்கும் வைத்தியமா?"

"இது எலுமிச்சங்காயா?"

"பின்ன என்ன, கோலிக்குண்டா? காஞ்சா கல்லு மாதிரிதான் ஆவும்."

"நான் பச்சக்காயாத்தான வச்சேன்."

வள்ளியம்மை முறத்தைக் கீழே வைத்தாள். "தையில வச்சீங்க. இப்ப ஆடி. ஊருல உள்ள காயெல்லாம் காயும், நீங்க வச்ச காயி மட்டும் ஒங்க மொகத்துக்காகப் பச்சையாவே இருக்குமா?"

அவன் சிரித்தான். நாலு நாளில் முதல் தடவை. பிறகு சிரிப்பு நின்றது.

"காலையில போயி எடுத்துர்றேன்."

"எடுத்துட்டு? மூணு சக்கரத்துக்குக் காவல், ஒண்ணுக்கு இல்லன்னு அந்த மலையில ஓட்டுவீங்களா? உள்ளேயே இருக்கட்டும். துணி சுத்தி வைங்க, தட்டாது."

தன் பழைய மஞ்சள் சேலையின் ஓரத்தைக் கிழித்துக் கொடுத்தாள். அவன் அதை மடியில் செருகிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவன் ஷுக்ரியிடம் காரை எடுத்துப்போக வைரவநாதனின் கடை முற்றத்துக்கு வந்தான். காரில் வைரவநாதன் உட்கார்ந்திருந்தார். குளித்துத் திருநீறு பூசி, குடையைக் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டிருந்தார். முன் ஆசனத்தில் ஷுக்ரி, மடியில் சாவிப் பெட்டியோடு.

"பசறைப் பக்கம் போ. சத்தம் எப்படின்னு நானே கேக்குறேன்" என்றார் வைரவநாதன்.

ஷுக்ரி ராமாமிர்தத்தைப் பார்க்காமல், "நான் வேணாம் எண்டுதான் சென்னேன்" என்றான்.

கடைத்தெருவைத் தாண்டும்வரை டொக், டொக். வைரவநாதன் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டார். ஊரைத் தாண்டியதும் ராமாமிர்தம் வேகத்தைக் கூட்டினான். காய் மூடியின் ஓரத்தோடு ஒட்டிக்கொண்டு சுற்றியது. சத்தம் நின்றது.

"நின்னுருச்சே" என்றார் வைரவநாதன்.

"நின்னுருச்சு மொதலாளி."

முதல் வளைவு வந்தது. ராமாமிர்தம் வேகத்தைக் குறைக்கவில்லை. வைரவநாதன் ஆசனத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனார்.

"ஏய், மெதுவா!"

மெதுவாக்கினான். டொக், டொக், டொக்.

"மறுபடி வந்துருச்சே!"

கூட்டினான். சத்தம் இல்லை. அடுத்த வளைவு. வைரவநாதன் திரும்பி வந்தார். குடை வெளியே போயிற்று.

"என் கொடை!"

"நிறுத்தவா மொதலாளி?"

"நிறுத்து! வேணாம், மெதுவாப் போ! ஐயோ, அந்தச் சத்தம்! போ, போ, முருகா, இவ்வளவு வேகமா இல்ல!"

ஷுக்ரி சாவிப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏதோ ஓதிக்கொண்டிருந்தான். தேயிலைச் சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நாலாவது வளைவில் வைரவநாதன் குனிந்து ராமாமிர்தத்தின் சட்டைக் கழுத்தைப் பிடித்தார். கார் நின்றது.

"ஹோ" என்றான் ராமாமிர்தம், பழக்கத்தில்.

வைரவநாதன் இறங்கினார். வேட்டியைச் சரிசெய்தார். "நான் நடக்குறேன். நீ என்கூடவே ஓட்டு. மனுசன் நடக்குற வேகத்துக்கு" என்றார்.

நடந்தார். கார் கூடவே வந்தது. டொக். டொக். ஓர் அடி பின்னால் போனார், ஓர் அடி முன்னால் வந்தார். குனிந்தார். பின் இடது சக்கரத்தின் பித்தளை மூடியில் விரலை வைத்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை. கண்டுபிடித்தவனின் மகிழ்ச்சி இருந்தது.

"இங்கதான். இத ஏன் தொறக்கல?"

ஷுக்ரி வானத்தைப் பார்த்தான்.

"நாளைக்கு ஹாஜியார் வந்து இதைத்தான் மொதல்ல தொறப்பாரு" என்றார் வைரவநாதன். "என்னாத்த ஒளிச்சு வச்சு வித்தேன்னு கேப்பாரு. நான் என்ன சொல்லட்டும்?"

ராமாமிர்தம் காரின் எஞ்சினை அணைத்தான். இறங்கினான். ஷுக்ரியின் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு குந்தினான். மூடி சுலபமாகத் திரும்பியது. உள்ளிருந்து கறுப்பாக, பாக்கு அளவில் ஒன்று அவன் உள்ளங்கையில் விழுந்தது. அவன் அதை வைரவநாதனிடம் நீட்டினான்.

"அன்னைக்கு மூணுதான் நசுங்கிச்சு மொதலாளி. இது நாலாவது."

வைரவநாதன் அதைத் தொடவில்லை. காற்று அடித்தது. அவருடைய துண்டு முகத்தில் ஒட்டிக்கொண்டது. அதை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"நாலும் நசுங்கிச்சுன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"இத்தன மாசம் நான் இந்த வண்டியில ஆள ஏத்தியிருக்கேன்."

"ஆமாங்க."

"கீழ வை" என்றார். "சில்லுக்கு முன்னால வை. இப்ப ஏத்து. அன்னைக்கு நடக்காதது இன்னைக்கு நடக்கட்டும். வெள்ளிக்கெழம, நல்ல நாளு."

ராமாமிர்தம் காயை ரோட்டில் வைத்தான். ஏறி உட்கார்ந்தான். ஷுக்ரி முன்னால் போய் எஞ்சின் கிளம்பக் கம்பியைச் சுற்றினான். கார் ஓர் அடி நகர்ந்தது. காய் டயரின் ஓரத்தில் அகப்பட்டு, துள்ளி, ரோட்டைக் கடந்து, கீழே தேயிலைக்குள் போயிற்று.

மூவரும் ஓரத்தில் நின்று பார்த்தார்கள்.

"ரெண்டாந்தடவ" என்றார் வைரவநாதன். குரல் இறங்கியிருந்தது. "ரெண்டு தடவ நசுங்க மாட்டேன்னுருச்சு. இனிமே இந்த வண்டி எனக்கு ஆகாது."

ராமாமிர்தத்துக்கு லிங்கத்தின் தார்க்குச்சி நினைவுக்கு வந்தது. அதன் முனையில் இருக்கும் ஆணிகூட நினைவுக்கு வந்தது. அவன் வேகமாகப் பேசினான்.

"மொதலாளி, கொஞ்சம் கேளுங்க. மத்த மூணும் அன்னைக்கே நசுங்கிப்போச்சு. சாக்கடையில போச்சு. அதுங்க வேல அன்னைக்கே முடிஞ்சுது. இது ஒண்ணுதான் இன்னும் வேலையில இருக்கு. தையிலருந்து ஒரு நாளு லீவு எடுக்காம வண்டிகூடவே சுத்துது. அத நசுக்குவாங்களா?"

வைரவநாதன் ஷுக்ரியைப் பார்த்தார். ஷுக்ரி தாடியைச் சொறிந்தான்.

"எனக்கு ஒங்கட எலுமிச்சங்காய் சங்கதி தெரியாது மொதலாளி. மத்த மூணு டயருக்கும் நான் ஒட்டுப் போட்டீக்கிறன். இந்தப் பின் எடதுக்கு மட்டும் இண்டைவரைக்கும் ஒரு ஒட்டும் போடல்ல. அது மெய்."

அது மெய்தான். ஏன் என்று அவனுக்கும் தெரியாது.

வைரவநாதன் குனிந்து பின் இடது டயரைத் தடவிப் பார்த்தார். ஒட்டு இல்லை. பின் வலதுக்குப் போனார். ஒட்டு. முன் பக்கம் போனார். ஒட்டு, ஒட்டு. திரும்பி வந்தார்.

"என்னய்யா நிக்கிறீங்க? எறங்கித் தேடுங்க!" என்றார்.

இருவரும் சரிவில் இறங்கினார்கள். தேயிலைத் தூருக்குத் தூர் குனிந்து பார்த்தார்கள். கொழுந்துக் கூடையோடு நின்ற ஒரு பெண், இரண்டு ஆண்கள் தவழ்ந்து வருவதைப் பார்த்துப் பக்கத்து நிரைக்காரியிடம் ஏதோ சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். பிறகு அவள் காலடியிலிருந்து ஒன்றை எடுத்தாள். முகர்ந்து பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"இந்தக் கருமத்தையா தேடுறீங்க? என்னாது இது, யாரோடது?"

ராமாமிர்தம் வாய் திறப்பதற்குள் மேலே ரோட்டிலிருந்து குரல் வந்தது. வெள்ளை வேட்டியும் திருநீறுமாக வைரவநாதன் விளிம்பில் நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"என்னோடதும்மா, என்னோடது! கீழ போட்டுறாத!"

அவள் முந்தானையால் அதைத் துடைத்தே கொடுத்தாள்.

மேலே வந்ததும், தட்டாமல் இருக்க ஏதாவது சுற்ற வேண்டும் என்றான் ஷுக்ரி. வைரவநாதன் தோள்துண்டை எடுக்கப் போனார். ராமாமிர்தம் அதற்குள் மடியிலிருந்து மஞ்சள் துணியை எடுத்துவிட்டான்.

வைரவநாதன் துணியைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். "ஏற்கனவே தயாராத்தான் வந்திருக்க" என்றார்.

ராமாமிர்தம் காயை அதில் சுற்றினான். கிரீஸைப் பூசி உள்ளே வைத்து மூடினான்.

"அப்ப மத்த மூணுக்கும் ஒவ்வொண்ணு வச்சுருவோமா?" என்றார் வைரவநாதன்.

"வேணாம் மொதலாளி" என்றான் ஷுக்ரி. "துணி பிஞ்சா நாலும் சேந்து தட்டும். கலியாண மேளம் போற மாதிரி ஈக்கும்."

திரும்பும் வழியில் முதலில் குடையைத் தேடி எடுத்தார்கள். ஒரு கம்பிதான் வளைந்திருந்தது. வைரவநாதன் ஷுக்ரியைப் பின்னால் அனுப்பிவிட்டு முன் ஆசனத்தில் உட்கார்ந்தார். கார் மெதுவாகப் போயிற்று. ஒரு சத்தமும் இல்லை. காற்று மட்டும்தான். ஒரு வளைவு தாண்டியது. வைரவநாதன் அசைந்து உட்கார்ந்தார்.

"உள்ள இருக்கா?"

"இருக்கு மொதலாளி."

அடுத்த வளைவு.

"சத்தத்தையே காணமே. இருக்கில்ல?"

"இருக்குங்க."

பதுளைக் கடைத்தெரு வரும்வரை அவர் கேட்டுக்கொண்டே வந்தார்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் பாறூக் ஹாஜியார் மருமகனோடு வந்தார். வைரவநாதன் அவருக்குத் தேநீர் கொடுத்து, சனிக்கிழமை இரும்பு வாங்குவது நல்லதல்ல என்று சொன்னார். ஹாஜியார் கருவாடு வாங்கிக்கொண்டு போனார். ராமாமிர்தம் நாலு பேரை ஏற்றிக்கொண்டு பெரகலைக்குப் புறப்பட்டான். ஊர் எல்லையில் லிங்கத்தின் வண்டி எதிரே வந்தது. லிங்கம் தார்க்குச்சியைத் தூக்கிக் காட்டினான். மாடுகள் ஓரம் ஒதுங்கின. பண்டாரவளைக்கு இந்தப் பக்கம் பின் இடது சக்கரத்தில் காற்று இறங்கியது. லாடத்தில் அடிக்கும் ஆணி ஒன்று. ராமாமிர்தம் அதைப் பிடுங்கி ஒட்டுப் போட்டான். பயணிகள் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். மாலையில் கார் கடை முற்றத்துக்குத் திரும்பியது. டயரைப் பற்றி வைரவநாதனிடம் யாரும் சொல்லவில்லை.